அவர் விட்டுச்சென்ற வெள்ளிக் கணக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களின் வீடுகளில் ஒரு நீள நோட்டு இருக்கும். யாரிடம் எவ்வளவு கட்டி வெள்ளி வாங்கினோம் என்பது இடப்பக்கத்திலும், யாருக்கு எவ்வளவு சரக்குக் கொடுத்தோம் என்பது வலப்பக்கத்திலும் கிராம் கணக்கில், இத்தனை டச் (வெள்ளியின் தூய்மை அளவு) என்ற குறிப்போடு எழுதப்பட்டிருக்கும். ரூபாய் அதில் அபூர்வமாகத்தான் தென்படும். 2008 நவம்பர் 26 இரவு மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் என் கணவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 31, எனக்கு 26. எங்கள் மகளுக்கு மூன்று வயது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவருடைய நோட்டு பீரோவின் மேல்தட்டில் கிடந்தது. அதன்பின் பல ஆண்டுகள் எனக்கு வழி சொன்னதும் என்னைத் தூங்கவிடாமல் செய்ததும் அந்த நோட்டுதான் என்பதால், நடந்ததை அதை வைத்தே எழுதுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் மாதிரிக் கொலுசுகளை எடுத்துக்கொண்டு மும்பையின் நகைச் சந்தையான ஜவேரி பஜாருக்குப் போய்வருவார். அந்த வாரம் நிஷா புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்ததால் தமிழ்த் தொலைக்காட்சிகளில் மழைச் செய்தியாகவே இருந்தது. என் கவலையெல்லாம் அவர் ஏறப்போகும் சென்னை மெயில் வழியில் நின்றுவிடுமோ என்பதுதான். சென்னை சவுகார்பேட்டையில் ஒருவரைப் பார்த்துவிட்டுச் சேலம் வருவதாகத் திட்டம். இரவு ஒன்பது மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து பேசினார். உட்கார இடமில்லை என்றும், கூடத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருப்பதாகவும், முத்து வைத்த மாதிரிதான் எல்லோருக்கும் பிடித்தது என்றும் சொன்னார். பாப்பா தூங்கிவிட்டாளா என்று கேட்டார். தூங்கிவிட்டாள் என்றேன். உண்மையில் அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். போனைக் கொடுத்தால் அரைமணி நேரம் விடமாட்டாள் என்று பொய் சொன்னேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. வெளியூர் ரயில்களுக்காகப் பயணிகள் காத்திருக்கும் அந்தக் கூடத்தில் இரண்டு பேர் துப்பாக்கியாலும் கையெறி குண்டுகளாலும் தாக்கினார்கள். அந்த நிலையத்தில் மட்டும் 58 பேர் இறந்தார்கள்; நூறு பேருக்கு மேல் காயமடைந்தார்கள். 29ஆம் தேதி வரை மும்பையின் பல இடங்களில் நீடித்த அந்தத் தாக்குதலில் கொல்லப்பட்டவர்கள் 166 பேர் என்பது பின்னால் வந்த கணக்கு. நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த விஷ்ணு ஜெண்டே ஒலிபெருக்கியில் விடாமல் எச்சரித்துக்கொண்டே இருந்ததால் எத்தனையோ பேர் வேறு வாசல் வழியாகத் தப்பினார்கள் என்று பிற்பாடு படித்தேன். அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த இரவில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த மனிதர் என்று அவரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

விடிய விடிய அவருடைய கைப்பேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது. காலை ஆறரைக்கு யாரோ எடுத்து இந்தியில் பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. எதிர்வீட்டு பாய் வீட்டில் உருது பேசுவார்கள் என்பதால் போனை எடுத்துக்கொண்டு அப்படியே ஓடினேன். அவர் நெடுநேரம் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் ஒரு மருத்துவமனையின் பெயரை எழுதினார். அன்று மாலையே அவரும் என் கொழுந்தனாரும் பெங்களூர் போய் விமானம் ஏறினார்கள். இருவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். உடல் வீடு வந்த அன்று துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் பாயின் மதத்தைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவரோ பந்தலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் இறந்தவர்களில் முஸ்லிம்களும் பலர் என்பது அப்போது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாதுதான், ஆனால் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்ல அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. என் மாமியார்தான் நிறுத்தச் சொன்னார்.

பதினாறாம் நாள் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். சடங்குக்கு முன் என் காலிலிருந்த கொலுசைக் கழற்ற வேண்டும் என்று உறவுக்காரப் பெண் ஒருவர் குனிந்தார். மெட்டியை ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தேன். "அது என் மகன் கைவேலை, அது இருக்கட்டும்" என்று அத்தை சொன்னதும் அவர் கையை எடுத்துக்கொண்டார். இருபத்தைந்து வயதில் கணவனை இழந்து, சொன்னதையெல்லாம் கழற்றிக் கொடுத்தவர் அத்தை. அதற்குமேல் அவர் எதுவும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாவது விஷயம் பணத்தைப் பற்றியது. சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் தெரிந்தவர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, என் கணவர் அவரிடம் வாங்கியிருந்த தொகைக்கு என் பெயரில் புதிதாக ஒரு புரோநோட் எழுதித் தரும்படி மரியாதையாகக் கேட்டார். கடன் உண்மை, நோட்டிலும் இருந்தது. நான் பேனாவைக்கூடக் கையில் வாங்கிவிட்டேன். கொழுந்தனார்தான் வந்து, "அண்ணி, இன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்" என்று தடுத்தார். இறந்தவரின் கடனை வாரிசுகள் அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குள் தீர்த்தால் போதும் என்பதும், என் பெயரில் புதிய பத்திரம் எழுதிக் கொடுத்தால் அது என் சொந்தக் கடனாகிவிடும் என்பதும் மறுவாரம் வக்கீலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கடனைப் பிறகு முழுமையாகத் தீர்த்துவிட்டேன். ஆனால் துக்க வீட்டில் கையெழுத்துக் கேட்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள் என்று என்னிடம் யோசனை கேட்கும் பெண்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்து வந்தவை காகிதங்கள். இறப்பு நடந்த ஊரில்தான் இறப்புச் சான்றிதழ் கிடைக்கும். அங்கே குடும்பப் பெயரைக் கேட்டபோது, நிலைகுலைந்து நின்ற கொழுந்தனார் மாமனாரின் பெயரைச் சொல்லிவிட்டார். நம் வழக்கத்தில் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும் தகப்பன் பெயர், சான்றிதழில் முழுப்பெயராகப் பின்னால் போய் நின்றது. குடும்ப அட்டையில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் இன்னொரு பெயர், சான்றிதழில் மூன்றாவது பெயர். மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்க உறுதிமொழிப் பத்திரம் எழுதி, சான்றுகள் இணைத்து, ஏழெட்டு மாதம் அலைந்தோம். வெளி மாநிலத்தில் இப்படியொரு நிலை வந்தால், வாக்காளர் அட்டையோ வேறு அடையாள அட்டையோ எதில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகளில் பதியும்படி அந்த அட்டையையே கையில் கொடுத்துவிடுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறுவது. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். இப்போது இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதில் என் பெயரோடும் மகளின் பெயரோடும் அத்தையின் பெயரும் இருந்தது சில உறவினர்களுக்கு வியப்பாக இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாய், மனைவி, மக்கள் மூவரும் முதல் வகுப்பு வாரிசுகள். அவர்களுக்குச் சம பங்கு. இதை முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிட்டால் பாதி மனக்கசப்பு குறையும். வங்கிக் கணக்கில் என் பெயர் நாமினியாக இருந்ததால் பணத்தை என்னிடம் கொடுத்தார்கள். நாமினி என்பவர் வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகள் எல்லோருக்கும் உண்டு என்பதை அத்தைக்கு நானே படித்துக் காட்டினேன். "உன்னிடமே இருக்கட்டும்" என்றார். இருந்தாலும் எழுதி வைத்துக்கொண்டோம்.

இழப்பீட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். எங்களுக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு வந்தது என்பதை எழுதப்போவதில்லை. அந்தத் தொகை உறவுக்குள் எங்கள் துக்கத்தைவிட அதிகமாகப் பேசப்பட்டுவிட்டது. வழியை மட்டும் சொல்கிறேன். ரயில்வே சட்டம் 123ஆம் பிரிவில் சொல்லப்படும் அசம்பாவிதங்களில் பயங்கரவாதச் செயலும் அடங்கும். அது ஓடும் ரயிலில் மட்டுமன்றி நிலைய வளாகத்திலும் காத்திருப்புக் கூடத்திலும் நடந்தாலும் பொருந்தும். 124ஏ பிரிவின் கீழ் ரயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். யாருடைய தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இறப்புக்கு அப்போது 4 லட்சம் ரூபாய் என்றிருந்த தொகை 2017 ஜனவரி முதல் 8 லட்சம் ஆனது. மனுவுக்குக் காலக்கெடு ஓராண்டு. துக்கத்தில் ஓராண்டு எப்படிப் போகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். வருஷ திதிக்குச் சாமான் வாங்கும்போதுதான் பலருக்கு இந்த நினைவே வருகிறது.

மனுவுக்கு அவர் முறையான பயணி என்று காட்ட வேண்டும். பயணச்சீட்டு அவரோடு போய்விட்டது. அப்போது கைகொடுத்தது நோட்டு. முன்பதிவு செய்ததும் பத்து இலக்கப் பி.என்.ஆர். எண்ணைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பது அவர் பழக்கம். போக ஒன்று, வர ஒன்று, வந்து சேர்ந்ததும் இரண்டையும் ஒரு கோட்டால் அடித்துவிடுவார். அந்தப் பக்கத்தில் அடிக்கப்படாமல் இருந்தவை அந்தக் கடைசிப் பயணத்தின் இரண்டு எண்கள் மட்டும்தான். இன்றைக்கு எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் சீட்டின் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார்கள்.

பயங்கரவாதத்தில் உயிரிழந்த பொதுமக்களின் குடும்பங்களுக்கென்று மத்திய அரசின் திட்டம் ஒன்று 2008 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடக்கத்தில் 3 லட்சம், 2016 ஆகஸ்டிலிருந்து 5 லட்சம். பணத்தை வைப்புநிதியாகப் போட்டு, வட்டியைக் குடும்பத்தின் கணக்குக்கு அனுப்புவார்கள். அசலை மூன்றாண்டுகளுக்குத் தொட முடியாது. ஏற்காட்டில் இடம் வாங்கலாம், சீட்டுக் கம்பெனியில் போடலாம் என்று யோசனை சொல்லாத ஆளே இல்லாத காலத்தில், தொட முடியாத பணம் பெரிய நிம்மதி. இப்படிப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ். படிப்பில் மத்தியத் தொகுப்பிலிருந்து சில இடங்கள் ஒதுக்கப்படுவதையும், தேசிய மதநல்லிணக்க அறக்கட்டளை கல்வி உதவி தருவதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கடினமாக இருந்தது வெள்ளிக் கணக்கு. இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம்: நாங்கள் பணத்தைக் கடன் வாங்குவதில்லை, எடையைக் கடன் வாங்குகிறோம். ஒரு கிலோ கட்டி வாங்கினால் ஒரு கிலோ கட்டிதான் திருப்பித் தர வேண்டும், விலை எங்கே போனாலும் சரி. நோட்டின்படி அவர் ஐந்து பேருக்கு 11 கிலோ 300 கிராம் தர வேண்டியிருந்தது. வரவேண்டியது எட்டுக் கிலோவுக்கு மேல். அந்த நவம்பரில் வெள்ளி கிலோ இருபதாயிரத்துக்கும் கீழே கிடந்தது. பட்டறையில் பாதி வேலையில் நின்றிருந்த சரக்கை உருக்கியும், என் நகையில் கொஞ்சம் விற்றும் மூன்று பேருக்கு 8 கிலோ 100 கிராம் கொடுத்து முடித்தேன். மற்ற இருவரும் நல்ல மனிதர்கள். "அவசரமில்லை அம்மா, குழந்தையைப் பார், மெதுவாகக் கொடு" என்றார்கள். அந்த அன்பை நம்பி 3 கிலோ 200 கிராமை அப்படியே விட்டுவிட்டேன்.

2011 ஏப்ரலில் வெள்ளி எழுபதாயிரத்தைத் தாண்டியது. அறுபதாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய பாக்கி, இரண்டேகால் லட்சமாக வளர்ந்து நின்றது. இருவரில் ஒருவர் பழைய விலைக்குப் பணமாக வாங்கிக்கொண்டார். மற்றவர் எடைதான் வேண்டும் என்றார். தொழில் வழக்கப்படி அவர் கேட்டதில் தவறே இல்லை, நானும் கொடுத்தேன். எனக்கு வரவேண்டிய இடத்தில் மட்டும் கதை மாறியது. ஒன்றரைக் கிலோ தர வேண்டிய ஒருவர் 2008 விலையைக் கணக்குப் போட்டு, உறையில் ரூபாயாக வைத்து, அத்தை கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார் என்பதே என் சந்தேகம். எடைக்கடன் இருக்கும் வீட்டில் ஆண் இறந்தால், மனைவி முதல் மாதத்திலேயே கொடுக்கல் வாங்கல் உள்ள எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, எடையா ரூபாயா, எந்த நாள் விலை என்று எழுதி வாங்கிவிட வேண்டும். அப்படிச் செய்வது மரியாதைக் குறைவு என்று நினைத்ததற்கு நான் கொடுத்த விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஆண்களுக்கும் ஒன்று சொல்வேன்: நோட்டை வீட்டில் வைத்தால் போதாது, அதைப் படிக்கவும் சொல்லிக்கொடுங்கள். அவருடைய சுருக்கெழுத்துகளுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கவே எனக்கும் பட்டறையின் மூத்த ஆசாரிக்கும் இரண்டு மாதம் ஆயிற்று.

அவருடைய பை சில மாதங்கள் கழித்து எங்களிடம் வந்தது. மாதிரிக் கொலுசு ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சின்னச் சீட்டு, அதில் எடையும் டச்சும் அவர் கையெழுத்தில். நோட்டில் 12 ஜோடி என்று இருந்தது. பையில் 11 ஜோடி. குறைந்த ஒன்றைப் பற்றி நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. அந்தச் சீட்டுகளை அவிழ்த்து, கொலுசுகளைத் துடைத்து, ஆர்டர் சொல்லியிருந்த வியாபாரிக்கே அனுப்பிவைத்தேன். முத்து வைத்த மாதிரியில் இருபது ஜோடி கேட்டுக் கடிதம் வந்தது. ஆறு பேர் வேலைபார்த்த பட்டறை இரண்டு பேராகச் சுருங்கி மறுபடி நடக்கத் தொடங்கியது அந்த இருபது ஜோடியில்தான்.

மகளிடம் நாங்கள் செய்த தவறு பெரியது. அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நானும் சேர்ந்து சொன்னேன். விளைவு, ஊருக்குப் போனவர்கள் திரும்பமாட்டார்கள் என்று அவள் புரிந்துகொண்டாள். சித்தப்பா ஜங்ஷனுக்குக் கிளம்பினால் அவர் பையைப் பிடித்துக்கொண்டு அலறுவாள். ஒன்றரை வருடம் கழித்து, அப்பா இறந்துவிட்டார், இறந்தவர்கள் திரும்ப வரமாட்டார்கள், ஊருக்குப் போகிறவர்கள் வருவார்கள் என்று மூன்று வாக்கியங்களாகச் சொன்னேன். அழுதாள். ஆனால் அடுத்த முறை சித்தப்பா கிளம்பியபோது பையை விட்டுவிட்டாள். மூன்று வயதுக் குழந்தைக்கு இறப்பு என்ற சொல்லைத் தாங்கும் சக்தி இருக்கிறது. தாங்க முடியாமல் இருந்தது எங்களுக்குத்தான்.

2012 நவம்பர் 21 காலை எரவாடா சிறையில், அந்த நிலையத்தில் சுட்ட இருவரில் ஒருவனான அஜ்மல் கசாப் தூக்கிலிடப்பட்ட செய்தி வந்தபோது, தோளில் பையும் கையில் துப்பாக்கியுமாக அவன் நடந்துவரும் படத்தைத் தொலைக்காட்சிகள் நாள் முழுக்கக் காட்டின. நான் சமையலறையில் இருந்தேன். ஏழு வயது மகள் வந்து, "அம்மா, இந்த அண்ணனா அப்பாவைச் சுட்டாங்க?" என்று கேட்டாள். பள்ளியில் பெரிய பையன்களை எல்லாம் அண்ணன் என்று கூப்பிடப் பழக்கியிருந்தோம். ஆமாம் என்றேன். "அவங்க அம்மா இருக்காங்களா?" என்றாள். தெரியாது என்றேன். அதற்குள் வாசலில் நிருபர் ஒருவர் வந்து, மகிழ்ச்சியாக இருக்கிறதா என்று கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. பேட்டி தருவதும் தராததும் உங்கள் விருப்பம். கேட்டவுடன் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். 2025 ஏப்ரலில் அந்தத் தாக்குதல் வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட தஹாவூர் ராணா அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டபோதும் போன் வந்தது. மகளே எடுத்து, அம்மா பட்டறையில் இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திதி கார்த்திகைத் தேய்பிறையில் அமாவாசைக்கு முன்னால் வரும். அது பெரும்பாலும் 26ஆம் தேதியில் விழாது. திதியன்று வீட்டில் படையல் போட்டு அவரைப் பற்றிப் பேசுவோம். 26ஆம் தேதி தொலைக்காட்சியைத் திறப்பதே இல்லை. காலையில் பேருந்து ஏறி ஏற்காடு போய்விடுவோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மகளுக்கு எட்டாவதிலேயே குமட்டத் தொடங்கும் என்பதால் எலுமிச்சம்பழம் கையில் இருக்கும். அந்த மாதத்தில் காப்பிச் செடிகளில் பழம் சிவந்திருக்கும். லேடீஸ் சீட்டில் மூடுபனி விலகும்வரை உட்கார்ந்திருந்தால் கீழே சேலம் தெரியும். கல்யாணமான புதிதில் என்னை அங்கே நிறுத்தி, செவ்வாய்ப்பேட்டை அதோ என்று அவர் கையைக் காட்டிய திசை தவறு என்பது பிற்பாடு தெரிந்தது. மகளிடம் அந்தத் தவறான திசையையும் சரியான திசையையும் காட்டியிருக்கிறேன். அவருடைய பிடிவாதங்களும் தப்புக் கணக்குகளும் தெரிந்தால்தான் அவளுக்கு அப்பா என்று ஒருவர் இருப்பார். இல்லாவிட்டால் மாலை போட்ட படத்தில் இருப்பவர் எல்லோருக்கும் பொதுவான தியாகி ஆகிவிடுவார். அவர் தியாகம் எதுவும் செய்யவில்லை, ரயிலுக்குக் காத்திருந்தார்.

நோட்டில் அவளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. ஒவ்வோர் ஆடிப்பெருக்கன்றும் அவள் கணுக்காலில் நூலைச் சுற்றி, அளவுகோலில் வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்: 2006இல் 5 அங்குலம், 2007இல் ஐந்தரை, 2008இல் 6. 2009இல் நான் மறந்துவிட்டேன். 2010இல் அத்தை நூலைக் கொண்டுவந்தார். பதினைந்து வயதில் கொலுசு வேண்டாம் என்று அவள் சொன்ன ஆண்டோடு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

பின்னட்டையின் உட்பக்கத்தில் மட்டும் ஒரு வரி இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது: "கு. 640 கிராம்." கொடுக்க வேண்டியதா, வரவேண்டியதா என்று தெரியவில்லை. குகையில் ஒரு குப்புசாமி, பனங்காட்டில் ஒரு குமரேசன், சிவதாபுரத்தில் ஒரு குழந்தைவேல் என்று எங்களுக்குத் தெரிந்த எல்லோரையும் கேட்டுவிட்டோம். எல்லோரும் இல்லை என்றார்கள். கொடுக்க வேண்டியதாகவே இருக்கட்டும் என்று 2009 தை மாதம் 640 கிராம் கட்டி வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து பீரோவில் வைத்தேன். அன்றைக்கு அதன் விலை சில ஆயிரங்கள்தான். வெள்ளி லட்சத்தைத் தாண்டிய பிறகு, விற்றுவிடலாம் அம்மா, யார் வரப்போகிறார்கள் என்று மகள் போன மாதமும் சொன்னாள். எடுத்து நிறுத்துப் பார்த்தோம். 640 சரியாக இருந்தது. மறுபடி முடிந்து உள்ளே வைத்துவிட்டேன்.